வயலில் அடித்த மருந்தா, வழிவழியாக வந்த வியாதியா?

பார்க்கின்சன் நோய் பற்றி முன்பு ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் மாத்திரை, உணவு, உடற்பயிற்சி பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லோரும் வேறு வேறு வார்த்தையில் ஒன்றையே கேட்கிறார்கள்: இது எதனால் வந்தது? இந்த இதழ் முழுக்க அதற்கே.

எங்களுக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் விவசாயம். அப்பாவுக்கு 66 வயது. முப்பது வருஷமாகக் களைக்கொல்லி அவரேதான் அடிப்பார், ஆள் வைக்க மாட்டார். இரண்டு வருஷமாக வலது கை நடுக்கம், நடை குறுகிவிட்டது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை. மருந்து அடித்ததால்தான் வந்ததா டாக்டர்?
– வாசகர், தாராபுரம்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. ஆனால் உங்கள் சந்தேகம் வெறும் சந்தேகம் அல்ல, அதற்கு நாற்பது வருஷக் கதை இருக்கிறது.

1982இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ஹோசே ஊரில், நாற்பத்திரண்டு வயது ஆள் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். மனநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். யாரோ விரலுக்கிடையில் ஒரு பென்சிலைச் செருகிக் கொடுத்ததும் மெதுவாக, மிக மெதுவாக எழுத ஆரம்பித்தார்: என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, உடம்புதான் கேட்கவில்லை என்கிற மாதிரி. அந்த வட்டாரத்தில் அப்படி ஆறு பேர் கிடைத்தார்கள். எல்லோரும் ஒரே போலி ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்தபோது, அதை எங்கோ திருட்டுத்தனமாகத் தயாரித்தவன் செய்த தப்பில் எம்.பி.டி.பி என்ற ஒரு ரசாயனம் கலந்திருந்தது தெரிந்தது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபாவைக் கொடுத்ததும் அவர்கள் அசைந்தார்கள். இருபது வருஷத்தில் மெல்ல மெல்ல நடக்க வேண்டியது சில நாளில் நடந்திருந்தது.

நடுமூளையில் கறுப்பாக ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கேதான். அவை சாகச் சாகத்தான் பார்க்கின்சன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு எரிகிறது, செல் உயிரோடு இருப்பதே அந்தச் சூட்டில்தான். எம்.பி.டி.பி மூளைக்குள் போய் வேறொரு பொருளாக மாறி அந்த அடுப்பை அணைத்துவிடுகிறது. அப்படி மாறிய பொருளின் மூலக்கூறு அமைப்பை வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அது அச்சு அசலாகப் பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தம்பி மாதிரி இருந்தது. நம் ஊரில் 24 சதவீதக் கரைசலாகக் கடையில் கிடைக்கும் அதே பாராகுவாட். பூச்சிமருந்து, களைக்கொல்லி மேல் பார்க்கின்சன் ஆராய்ச்சி திரும்பியது அதற்கப்புறம்தான்.

கலிபோர்னியாவில் 1974 முதல் எந்த வயலில் என்ன மருந்து எவ்வளவு அடித்தார்கள் என்று அரசாங்கத்தில் பதிவு இருக்கிறது. (நம் ஊரில் மருந்துக் கடையில் பில் வாங்குவதே பெரும்பாடு.) அந்தப் பதிவையும் நோயாளிகளின் வீட்டு விலாசத்தையும் வைத்து 2009இல் கணக்குப் போட்டார்கள். பாராகுவாட்டும் மேனெப் என்ற பூஞ்சாணக்கொல்லியும் அடித்த வயலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 75 சதவீதம் கூடுதல். அவர்கள் மருந்து அடித்தவர்கள் அல்ல, பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். விவசாயத்தில் மருந்தை நேரடியாகக் கையாண்டவர்களைப் பற்றி 2011இல் வந்த ஆய்வில், பாராகுவாட்டையோ ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தையோ பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு. எல்லா ஆய்விலும் இதே அளவு வரவில்லை, சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை, தயாரிப்பாளர்கள் அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதே நேரம் பிரான்ஸ் அரசாங்கம் 2012இலேயே, பூச்சிமருந்தோடு புழங்கிய விவசாயிக்குப் பார்க்கின்சன் வந்தால் அது தொழில் சார்ந்த நோய், நஷ்டஈடு உண்டு என்று சட்டம் போட்டுவிட்டது. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் அனுமதி போயிற்று. கேரளத்தில் 2011இல் தடை. இலங்கையில் 2008இல் ஆரம்பித்துப் படிப்படியாக நிறுத்தினார்கள், அங்கே காரணம் வேறு, அதைக் குடித்துச் செத்தவர்கள் அத்தனை பேர்.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அப்பா எப்படி மருந்து அடித்தார்? நான் பார்த்தவரை முதுகில் தொங்கும் டேங்கின் மூடி சரியாக இறுகாமல் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கும், வாளியில் வெறுங்கையால் கலக்குவார்கள், நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார்கள். அப்புறம் அதே கையோடு வரப்பில் உட்கார்ந்து ஒரு பீடி. அமெரிக்க விவசாயிகளிடம் செய்த ஒரு ஆய்வில், கையுறை போட்டுக்கொண்டு பாராகுவாட் அடித்தவர்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை, போடாதவர்களிடம்தான் தெரிந்தது. இதை உங்களுக்காகவும் சொல்கிறேன். இப்போது அந்த டேங்க் உங்கள் முதுகுக்குத்தானே வந்திருக்கும்?

நாங்கள் மூன்று அண்ணன் தம்பி, ஒரே காடு, ஒரே மருந்து, ஒரே குழாய்த் தண்ணீர். எனக்கு மட்டும் ஏன் வந்தது?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

நியாயமான கோபம். உடம்புக்குள் போகும் நஞ்சைக் கழுவி வெளியே தள்ள ஈரலிலும் மற்ற இடங்களிலும் சில நொதிகள் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றுக்கான மரபணு, ஜி.எஸ்.டி.டி-1 என்று பெயர், மக்களில் ஒரு பகுதியினருக்குப் பிறவியிலேயே கிடையாது. இல்லாததால் சாதாரணமாக ஒரு தொந்தரவும் வராது, இல்லை என்பதே தெரியாமல் வாழ்ந்துவிடலாம். 2012இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இந்த மரபணு உள்ள ஆண்களுக்குப் பாராகுவாட்டால் ஆபத்து கொஞ்சம்தான் கூடியிருந்தது. இல்லாதவர்களுக்குப் பதினோரு மடங்கு. சின்ன ஆய்வு, அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டுகிறது. ஒரே வீட்டில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று விதமான சீட்டு விழும்.

இன்னொன்று, மருந்து மட்டுமே கணக்கில்லை. தலையில் பலமாக அடிபட்டு நினைவு தப்பியவர்கள் பாராகுவாட் அடித்த வயல் பக்கத்திலும் குடியிருந்தால் ஆபத்து மூன்று மடங்கு என்று கலிபோர்னியாவிலேயே கண்டுபிடித்தார்கள். எப்போதாவது வண்டியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து மயங்கிக் கிடந்தீர்களா? சிகிச்சைக்கு அதனால் ஒன்றும் மாறப்போவதில்லை. கேட்கத் தோன்றியது.

என் தம்பிக்கு 31 வயது. கால் விரல் மடங்கி இழுக்கிறது, கை நடுங்குகிறது, பார்க்கின்சனாக இருக்கலாம் என்கிறார்கள். அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். ஊரில் எல்லாரும் அதனால்தான் என்று அம்மா முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அம்மா சாப்பிடுவதில்லை.
– வாசகி, தேனி

அம்மாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் இதைச் செய்யுங்கள்: தம்பிக்கு வில்சன் நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டார்களா? உடம்பில் தாமிரம் சேர்ந்துபோகும் நோய் அது. சின்ன வயதில் நடுக்கம், இழுப்பு எல்லாம் வரும், கறுவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரியும், கண் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்தால் சொல்லிவிடுவார். கூடவே ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், இரண்டையும் சோதிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தால் மருந்தில் கட்டுப்படுத்தலாம், விட்டுவிட்டால் ஈரலும் போகும் மூளையும் போகும். நாற்பது வயதுக்குக் கீழே யாருக்கு நடுக்கம் வந்தாலும் பார்க்கின்சன் என்று எழுதுவதற்கு முன்னால் இதைப் பார்த்தாக வேண்டும்.

அது இல்லையென்றால் பார்க்கின் என்ற மரபணுவில் பழுது இருக்கலாம். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1998இல் கண்டுபிடித்தது. செல்லுக்குள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் கண்டு அப்புறப்படுத்தும் வேலையில் பார்க்கினுக்குப் பெரிய பங்கு உண்டு. தாராபுரம் பதிலில் நஞ்சு அடுப்பை அணைக்கிறது என்றேனே, இங்கே அணைந்த அடுப்பை எடுத்துப் போட ஆளில்லை. இரண்டு வழியும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான், நடுவில் வயதும் சேர்ந்துகொள்கிறது. இந்த வகை மெதுவாகத்தான் முற்றும், கொஞ்சம் மாத்திரைக்கே நன்றாகக் கேட்கும், தூங்கி எழுந்ததும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இந்த வகை நோய் வரும். ஒரு பிரதி மட்டும் இருக்கிற ஆள் பொதுவாக நோயில்லாமல் வாழ்ந்துவிடுவார். சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தாவிடமிருந்து இரண்டு பக்கமும் அதே பழுது வரும் வாய்ப்பு கூடுகிறது, அதை மறைத்துப் பேச முடியாது. இருவரும் அந்தப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. உங்களுக்கு என்ன என்று அறிய மரபணு ஆலோசகரைப் பார்க்கலாம். தம்பி சொந்தத்துக்கு வெளியே கட்டினால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

அம்மாவுக்கு: அவர் எவரையும் தேடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. முறைமாமன் இருக்கும்போது வெளியே கொடுப்பதா என்று அன்றைக்குப் பேசி முடித்தவர்கள் யாரோ, அவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு முகத்துக்கு நேராகப் பேசுகிறார்கள். இந்தப் பத்தியை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 61. எட்டு மாதமாக இரண்டு கையும் நடுங்குகிறது, முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, விவசாயமும் இல்லை. வேறு நோய் என்று பார்த்தால் கேஸ் தொந்தரவு மட்டும்தான், அதற்குத் தினமும் ஒரு கேப்சூல்.
– வாசகர், சென்னை

அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பேன்டோபிரசோல் அல்லது ராபிபிரசோலோடு லெவோசல்பிரைடு என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் அந்த அட்டையோடு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். லெவோசல்பிரைடு மூளையில் டோபமின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். வயசானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கம், விறைப்பு, மந்தமான முகம் எல்லாம் வரும். பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததைப் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். எனக்கு வருகிற நடுக்கக்காரர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது ஸ்கேனை அல்ல, மாத்திரைப் பையை. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃபுளுனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள், எல்லாமே இந்த வகைதான். டாக்டர் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும். சிலருக்குச் சரியாகாது, உள்ளே ஏற்கெனவே ஆரம்பித்திருந்த நோயை மாத்திரை வெளியே கொண்டுவந்திருக்கும். மனநல மருந்தாக இருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முள் சீத்தா இலையை வேகவைத்துத் தினமும் குடிக்கிறேன், புற்றுநோய் வராது என்று வாட்ஸப்பில் வந்தது. நரம்புக்கும் நல்லதாமே?
– வாசகி, நாகர்கோவில்

நிறுத்துங்கள். கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு, பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. அங்கே பார்க்கின்சன் மாதிரி நோயோடு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் வழக்கமான வகையாக இல்லாமல், லெவோடோபாவுக்குக் கேட்காத ஒரு மாதிரியாக இருப்பதை 1990களின் கடைசியில் கவனித்தார்கள். அவர்கள் நிறையச் சாப்பிட்டது முள் சீத்தாப்பழம், குடித்தது அதன் இலைக் கஷாயம். அதிலுள்ள அனோனசின் என்ற பொருள் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் தாக்குகிறது, மறுபடியும் அதே அடுப்பு. எப்போதாவது ஒரு துண்டு பழம் சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் கஷாயம் என்பது வேறு. இயற்கையானது கெடுதல் செய்யாது என்பவர்களுக்கு இன்னொன்று: மேலே ரோட்டினோன் என்றேனே, அது தொழிற்சாலையில் பிறந்தது அல்ல, ஒரு கொடியின் வேர். தண்ணீரில் நசுக்கிப் போட்டு மீன் பிடிக்கப் பழங்குடிகள் பயன்படுத்தியது. 2000இல் அதை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது அவற்றுக்குப் பார்க்கின்சன் மாதிரியே நோய் வந்தது.

சிகரெட் குடித்தால் பார்க்கின்சன் வராதாமே, என் கணவர் சொல்கிறார்.
– வாசகி, திருச்சி

புகைக்கிறவர்களிடம் குறைவாகத் தெரிகிறது, உண்மை. அதை நம்பி நோயாளிகளுக்கு நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை ஒட்டிப் பார்த்தார்கள், நோய் முற்றுவது குறையவில்லை. நுரையீரலைக் கொடுத்து நடுமூளையை வாங்குகிற வியாபாரம் உங்கள் வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. காபி குடிக்கிறவர்களுக்கும் குறைவு என்று ஹவாய் தீவில் பல ஆண்டு பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு டம்ளர் ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்து சிகரெட் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முலாம் பூசும் பட்டறையில் 18 வருஷம். பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு போக டிரைகுளோரோஎத்திலீன் தொட்டியில் முக்கி எடுப்போம். வாசனை தித்திப்பாக இருக்கும். இதுவும் ஆபத்தா?
– வாசகர், கோவை

ஆபத்து. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் கேம்ப் லெஜூன் என்ற மரைன் படைவீரர் முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் இந்த ரசாயனம் கலந்திருந்தது. அங்கே இருந்தவர்களையும், நல்ல தண்ணீர் இருந்த கலிபோர்னியா முகாமில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2023இல் அறிக்கை வந்தது: லெஜூன்காரர்களுக்குப் பார்க்கின்சன் 70 சதவீதம் அதிகம். பெரும்பாலும் இருபது வயசுப் பையன்கள், அங்கே இருந்தது இரண்டு மூன்று வருஷம், நோய் வந்தது முப்பது நாற்பது வருஷம் கழித்து. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இதற்குத் தடை அறிவித்தது. புற்றுநோய்க்கும் இது காரணம் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

வாசனை தெரிகிறது என்றால் மூக்கு வழியாக உள்ளே போகிறது என்றுதான் அர்த்தம். துணியை மூக்கில் கட்டினால் ஆவி நிற்காது, சாதாரண ரப்பர் கையுறையும் தாங்காது. தொட்டிக்கு மூடி, ஆவியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி, முடிந்தால் தண்ணீரில் கரையும் சுத்திகரிப்புத் திரவத்துக்கு மாறுவது. முதலாளியிடம் உங்கள் ஒருவருக்காகக் கேட்காமல் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். தீர்ந்த ரசாயனத்தைப் பட்டறைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினால் அது நிலத்தடி நீருக்குப் போகும், லெஜூனில் அப்படித்தான் போயிற்று.

அப்பாவுக்கு 68 வயதில் வந்தது. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுப் பரிசோதனை செய்து தருகிறார்கள். செய்துகொள்ளட்டுமா?
– வாசகி

செய்வது உங்கள் இஷ்டம், ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். அந்தப் பெட்டிகள் முக்கியமாகத் தேடுவது எல்.ஆர்.ஆர்.கே-2 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை. அஷ்கெனாசி என்ற ஐரோப்பிய வழி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பர்களிடமும் அது நிறைய இருக்கிறது, நம்மவர்களிடம் மிக அபூர்வம். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கே பிரின் தனக்கு அது இருப்பதை 2008இல் அவரே வெளியே சொன்னார், அவருடைய அம்மாவுக்கு நோய் இருந்தது. அது இருக்கிறவர்களிலேயே எல்லோருக்கும் நோய் வருவதில்லை, கடைசிவரை வராதவர்களே அதிகம். ஆகவே உங்களுக்கு 'இல்லை' என்று சீட்டு வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. அப்பாவுக்கு வந்திருப்பதால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. கேட்க பயமாக இருக்கும், ஆனால் அடிப்படை ஆபத்தே நூற்றில் ஒன்றிரண்டுதான், கூட்டிப் பெருக்கினாலும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் வராது. அந்தப் பணத்தில் வாரம் நாலு நாள் நன்றாக வியர்க்க ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூ வாங்குங்கள், உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது.

அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதால் வருமா? எங்கள் வீட்டில் சோறு, குழம்பு எல்லாம் அதில்தான். தோட்டத்துக்கு நடுவில் வீடு, குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்.
– வாசகி, சத்தியமங்கலம்

அலுமினியம் பற்றிய பழைய சந்தேகம் அல்சைமர் மறதி நோய்க்கு, அதுவும் நிரூபணம் ஆகவில்லை. பாத்திரம் இருக்கட்டும். கிணறு எத்தனை அடி ஆழம், சுற்றிலும் என்ன பயிர், மருந்து டேங்கை எங்கே வைத்துக் கழுவுகிறீர்கள்? கிணற்று மேட்டில் என்றால் அதை இன்றைக்கே தள்ளி மாற்றுங்கள், அப்புறம் தண்ணீரை ஒரு முறை பூச்சிமருந்துக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.